சனிக்கிழமை நாலு மணி

சனிக்கிழமை என்றால் கீரைக்காரிக்கு மத்தியானத்திலிருந்தே கை ஓடாது. கட்டுகிற கட்டுகளில் ஒன்று பருத்திருக்கும், ஒன்று இளைத்திருக்கும். வாங்க வருகிறவர்கள் பருத்ததாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போக, இளைத்ததெல்லாம் சாக்கின் மேல் வாடிக் கிடக்கும். பக்கத்தில் தக்காளி விற்கிறவள் இதைப் பார்த்துவிட்டு, "என்னடி, இன்னிக்கு தான தருமமா?" என்று கேட்பாள்.

"கண்ணு சரியாத் தெரியல" என்பாள் இவள்.

மூன்றே முக்கால் ஆனதும் மிச்சக் கீரையை ஈரச்சாக்கு போட்டு மூடுவாள். "கொஞ்சம் பாத்துக்க. கால் மரத்துப் போச்சு, ஒரு நடை நடந்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தால், மரத்துப்போன காலா அது என்று சந்தேகம் வரும். மீன் வரிசையைத் தாண்டி, பனிக்கட்டி உடைக்கிற இடத்தைத் தாண்டி, விறுவிறுவென்று பின்வாசலில் மறைந்துவிடுவாள். தக்காளிக்காரிக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

பின்வாசலுக்கு வெளியே, சந்தைச் சுவருக்கும் குட்டைக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு நிலம். ஒருகாலத்தில் அது குப்பை மேடு. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். இப்போது அங்கே தகரம் போட்ட ஒரு கொட்டகை, காற்றுப் போகச் சந்துவிட்டு அடுக்கிய செங்கல் தொட்டிகள் பத்து, முன்பக்கம் ஓரமாக ஒரு பழைய மண்குழி. சந்தையில் விழுகிற கீரைத்தண்டும் முட்டைக்கோஸ் மேல் இலையும் மீன் செதிலும் குடலும் எல்லாம் இங்கே வந்து, காய்ந்த இலையோடும் மரத்தூளோடும் அடுக்கடுக்காக வெந்து உரமாகிறது. இதை நடத்துகிறவர்கள் பத்துப் பதினைந்து இளவட்டங்கள். படிக்கிறவர்கள் பாதி, வேலைக்குப் போகிறவர்கள் பாதி. அவர்கள் வைத்த பெயர் உரக்கூடம். சந்தைக்காரர்கள் சொல்வது பசங்க கொட்டகை.

சனிக்கிழமை நாலு மணிக்கு அங்கே கூட்டம் நடக்கும். செல்போனை ஒரு செங்கல்லின் மேல் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். வேறொரு ஊரிலிருந்து ஒரு பெண் பேசுவாள். அவர்களுக்கெல்லாம் அவள் அக்கா. கீரைக்காரிக்கு மகள்.

கீரைக்காரி கூட்டத்தில் உட்கார மாட்டாள். உரமூட்டைகள் அடுக்கியிருக்கும் மறைவில், கயிற்றில் தொங்கும் பெரிய சல்லடைக்கு எதிரே முக்காலியைப் போட்டுக்கொள்வாள். அவளாகவே எடுத்துக்கொண்ட வேலை உரம் சலிப்பது. குரல் வரும்போது கை தானாக மெதுவாகும்.

"மூணாவது தொட்டியில ஈரம் ஜாஸ்தின்னு சொன்னீங்களே, காஞ்ச இலை போட்டீங்களா? நாத்தம் இன்னும் வருதா?"

"இல்லக்கா. ரெண்டு தடவை கிளறிட்டோம்."

"நீ கிளறினியா, இல்ல மத்தவங்கள கிளறச் சொல்லிட்டு நின்னியா?"

எல்லாரும் சிரிப்பார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் கீரைக்காரியும் சத்தம் வராமல் சிரித்துக்கொள்வாள்.

தொட்டிக் கணக்கெல்லாம் முடிந்தபிறகு, போனை வைப்பதற்கு முன் நாலு வார்த்தை வேறு பேச்சு வரும். அதற்காகத்தான் அவள் காத்திருப்பாள். மூன்றாவது மாடியில் அறை. படி ஏறி இறங்கியே உடம்பு இளைத்துவிட்டது. கூட இருக்கிற பெண் குறட்டை விடுகிறாள். புதுச் செருப்பு கடித்துக் குதிகால் புண்ணாகிவிட்டது. இப்படி ஒன்றிரண்டு. அதை முந்தானையில் முடிந்துகொண்டு போவதுபோல் கொண்டுபோய் ஒரு வாரம் முழுவதும் வைத்திருப்பாள். குதிகால் புண் என்று கேட்ட வாரம் அவளால் தாங்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை கூட்டம் தொடங்குமுன் சோடாபுட்டியை மூட்டைப் பக்கம் கூப்பிட்டாள். சோடாபுட்டி என்றால் கனத்த கண்ணாடி போட்ட பெண், அந்தக் கூட்டத்திலேயே சூட்டிகை.

"புண்ணு ஆறிடுச்சான்னு கேளேன்" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சோடாபுட்டி கேட்டாள். போனிலிருந்து, "பரவாயில்லையே, உனக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கே. ஆறிடுச்சு. செருப்ப மாத்திட்டேன்" என்று பதில் வந்தது. சோடாபுட்டி மூட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரத்திலிருந்து போன் வைக்கிற செங்கல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மகளும் தாயும் பேசி இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

அந்தச் சந்தையில் கீரை வரிசைக்கும் மீன் வரிசைக்கும் ஒருகாலத்தில் ஆகவே ஆகாது. காரணம் குப்பைதான். இரண்டு வரிசைக்கும் நடுவில் கிடந்த மேட்டில் இவர்கள் தழையைக் கொட்டுவார்கள், அவர்கள் அதன் மேல் மீன் குடலைக் கொட்டுவார்கள். நாய் இழுத்துக்கொண்டு வந்து கீரைக்கட்டின் மேல் போடும். வாய்ச்சண்டை ஒரு மழைநாளில் கைச்சண்டையாகி, தராசும் கூடையும் பறந்தன. கீரைக்காரியின் தம்பிக்கு மூக்கு உடைந்தது. மீன்காரம்மாவின் புருஷனுக்குத் தோள்பட்டை இறங்கியது. அதன் பிறகு ஒரு வருஷம் இந்த வரிசைக்காரர்கள் மீன் வாங்கவில்லை, அந்த வரிசைக்காரர்கள் கீரை வாங்கவில்லை. டீக்கடைக்காரர்தான் பாவம். இரண்டு பெஞ்சையும் முதுகுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டிருந்தார்.

கீரைக்காரியின் மகளும் மீன்காரம்மாவின் மகன் நெட்டையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அவன் இரண்டு வகுப்பு கீழே. இரண்டு பேரும் ஆளுக்கொரு சாக்கை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசையிலும் நுழைந்தார்கள். "உங்க சண்டையில நாங்க வரல. குப்பைய மட்டும் எங்ககிட்ட கொடுங்க" என்றாள் மகள். முதலில் சிரித்தார்கள். பிறகு, கொடுத்தால் என்ன போயிற்று என்று கொடுத்தார்கள். சுவருக்கு வெளியே, அந்த நாற்றத்தின் நடுவில், இரண்டு பேருமாக மூன்று நாள் மண்வெட்டி பிடித்து முதல் குழியைத் தோண்டினார்கள். கை முழுக்கக் கொப்புளத்தோடு வந்து நின்ற மகளைக் கீரைக்காரி அன்றைக்குத் திட்டிக்கொண்டேதான் எண்ணெய் தடவிவிட்டாள்.

அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. மேலும் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். குட்டை எப்படி நாசமாகிறது என்று முப்பது நாள் தினமும் படம் எடுத்து, குப்பை போட ஒழுங்கான இடம் கேட்டு வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். மனுவில் முதல் கையெழுத்து மகளுடையது. அலுவலகம் இடம் கொடுக்கவில்லை. லாரியை அனுப்பியது. குப்பை போடுகிறவர்கள் கீரையும் மீனும் விற்கிற பின்வரிசைக்காரர்கள்தானே என்று பின்வரிசையையே வாரிக்கொண்டு போனார்கள். தராசு, கூடை, குடை, உட்காருகிற பலகை எதுவும் மிஞ்சவில்லை. கீரைக்காரி பதினெட்டு வருஷம் உட்கார்ந்த இடம் ஒரு மணி நேரத்தில் வெறும் தரையாகக் கிடந்தது.

பின்வரிசைப் பெண்கள் எல்லாரும் அவளைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். "உன் மக எழுதிக் கொடுத்ததுதானே? நல்லா பெத்தடி, நல்லா படிக்க வச்ச." அந்த நேரம் பார்த்து மகள் ஓடி வந்தாள். கீரைக்காரி அவளை ஒன்றும் கேட்கவில்லை. கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். "என் மூஞ்சியிலயே முழிக்காத, போ" என்றாள்.

மகள் உடனே போய்விடவில்லை. பதினொரு நாள் வார்டு அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தாள். இரவில் நெட்டையின் அக்கா வீட்டில் படுத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் பின்வரிசைக்காரர்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. சுவருக்கு வெளியே உள்ள நிலத்தை உரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வாய்மொழியாக அனுமதியும் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கீரைக்காரி தன் பழைய இடத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, எப்படியும் இன்றைக்கு வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அந்த நேரம் பஸ்ஸில் இருந்தாள். வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

சொன்ன வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள். முழிக்காதே என்றாளே, முழிக்கவே இல்லை. போனில் அப்பாவோடு பேசுவாள். அம்மாவைக் கூப்பிடச் சொன்னதில்லை. இவளும் கொடு என்று கேட்டதில்லை. இரண்டும் ஒரே அச்சு.

முதல் ஆறு மாதம் கீரைக்காரி அந்தக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் குப்பை வாங்க யாரும் வராததால் கழிவுக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். அன்று சனிக்கிழமை. மணி நாலு. செங்கல்லின் மேலிருந்து அந்தக் குரல் வந்தது. கூடையை இறக்கத் தோன்றாமல் தலையில் வைத்தபடியே கடைசி வரை நின்றாள். அடுத்த வாரம் வந்து சல்லடையைப் பிடித்துக்கொண்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

மழை தொடங்குகிற நேரத்தில் நோட்டீஸ் வந்தது. சந்தைக்கு வருகிற வண்டிகளை நிறுத்த இடம் போதவில்லையாம். பின்பக்க நிலத்தை வண்டி நிறுத்தமாக்க உத்தேசம். ஆட்சேபம் உள்ளவர்கள் புதன்கிழமை மூன்று மணிக்கு வார்டு அலுவலகத்தில் நேரில் வந்து சொல்லலாம்.

அந்தச் சனிக்கிழமை தகரத்தின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. போனுக்கு மிக நெருக்கமாகக் குனிந்து பேச வேண்டியிருந்தது.

"அக்கா, நீங்க வந்தாதான் நிக்கும்" என்றான் நெட்டை. "மனுவில மொதல் கையெழுத்து உங்களோடது. பழைய காகிதம் எல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி. ஒரு நாள் லீவு போட்டுட்டு வாங்க."

"லீவு கிடைக்கும்" என்றது குரல். "வர முடியாதுடா."

"ஏன்க்கா?"

மழைதான் கேட்டது.

"புதன்கிழமைன்னா சந்தைக்காரங்க எல்லாரும் வருவாங்க. அம்மாவும் வருவாங்க. போன தடவை என்னால அவங்க பட்டது போதும். அத்தனை பேருக்கு நடுவுல நின்னாங்க பாரு, அந்த மூஞ்சிய நான் மறக்கல. மறுபடியும் நான் வந்து நின்னு, அவங்க அத நெனச்சுக்கிட்டு..." குரல் நின்று திரும்ப வந்தது. "முழிக்காதன்னு சொல்லியிருக்காங்க. அவங்களா வான்னு சொல்ற வரைக்கும் நான் வரக் கூடாது. நீங்க பேசுங்க. எழுதித் தர்றேன்."

நெட்டை தலையைக் குனிந்துகொண்டான். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். யாரும் மூட்டைகளின் பக்கம் திரும்பவில்லை. சல்லடை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கீரைக்காரி வாயைத் திறந்தாள். இரண்டு வருஷமாக அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மகள் கோபமாக இருப்பாள் என்று வைத்துப் பார்த்தது. இதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. அதற்குள் மகள் போனை வைத்துவிட்டாள்.

அன்று வீட்டில் அவள் புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தை வாசலில் லாரிகளை நிறுத்திப் பாரம் பார்க்கிற எடைமேடையில் அவருக்கு வேலை. அதிகம் பேசாத மனுஷன்.

"சாப்பாட்டுல உப்பு இல்ல" என்றார்.

"போட்டுக்கங்க."

"போட்டுக்கறேன். உனக்கு என்ன ஆச்சு?"

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "என் மேல அவளுக்குக் கோவம் இல்லையாமே."

"யாரு சொன்னா?"

"அவளேதான். போன்ல. பசங்க கொட்டகையில."

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "அவளுக்கு எப்பவும் கோவம் இருந்ததில்லையே."

"அப்புறம் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதானே சொன்ன, அவ பேச்ச இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு. அவளும் சொல்லியிருக்கா, அம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க, நான் கேட்டேன்னு தெரிஞ்சா சங்கடப்படுவாங்கன்னு. நடுவுல நான் என்ன பண்றது? ஒவ்வொரு தடவையும் போன எடுத்ததும் மொத வார்த்தை, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னுதான். பரவாயில்லைன்னு சொல்லுவேன். வச்சிடுவா."

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "நீயும் கேட்டிருக்கலாம்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. அவர் கை கழுவிக்கொண்டு வந்தார். "இந்தா, போன். நம்பர் போட்டுத் தர்றேன். வான்னு ஒரு வார்த்த சொல்லு, புதன்கிழமைக்கு வந்துடுவா."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள். "கூப்பிட்டா, கொட்டகைக்காகக் கூப்பிடறேன்னு நெனப்பா. காரியம் ஆகணும்னு கூப்பிட்ட மாதிரி இருக்கும். அது வேணாம்."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"தெரியல."

புதன்கிழமை வார்டு அலுவலகக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. முன்னால் தலைவர், பக்கத்தில் குறிப்பெடுக்கிற குமாஸ்தா. மேலே மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சந்தைக்காரர்கள் ஈரக் குடைகளோடு சுவரோரம் நின்றார்கள். கீரைக்காரி கடைசி வரிசைக்கும் பின்னால், கதவை ஒட்டி.

சோடாபுட்டி எழுந்து எழுதிவைத்ததை வாசித்தாள். ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவு வருகிறது, எவ்வளவு உரமாகிறது, குட்டைத் தண்ணீர் எவ்வளவு தெளிந்திருக்கிறது, எத்தனை பள்ளிக்கூடத் தோட்டங்களுக்கு உரம் போகிறது. நன்றாகத்தான் வாசித்தாள். தலைவர் பாதியிலேயே பேனாவை உருட்டத் தொடங்கிவிட்டார்.

"எல்லாம் சரிம்மா. நல்ல விஷயம்தான், நான் இல்லேங்கல. ஆனா நீங்கல்லாம் சின்னப் பசங்க. இன்னிக்கு இருப்பீங்க, நாளைக்கு கல்யாணம், வேலைன்னு ஆளுக்கொரு பக்கம் போயிடுவீங்க. அப்புறம் அந்தக் குப்பைய யாரு அள்றது? அலுவலகம்தானே?" என்றார். கையிலிருந்த பழைய மனுவைத் திருப்பினார். "இதோ மொதல் கையெழுத்து போட்ட பொண்ணு, எங்க அது? பதினொரு நாள் எங்க வாசல்ல உக்காந்து உயிர வாங்கிச்சு. ஆரம்பிச்சு வச்சுட்டு ஓடிப்போயிடுச்சுல்ல?"

"ஓடல."

யார் சொன்னது என்று எல்லாரும் திரும்பினார்கள். சொன்னவளுக்கே அது தன் குரல் என்று கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"நீங்க யாரும்மா?"

"கீரை விக்கிறவ. அந்தப் பொண்ணோட அம்மா." கூட்டம் வழிவிட, நாலடி முன்னால் வந்தாள். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். "அவ ஓடல. நான் தொரத்தினேன்."

குமாஸ்தா எழுதுவதா வேண்டாமா என்று தலைவரைப் பார்த்தார்.

"உங்க லாரி வந்து எங்க கடைய வாரிக்கிட்டுப் போன அன்னிக்கு, நீங்க பண்ணதுக்கு அவள அடிச்சேன். உங்கள அடிக்க முடியாது இல்ல. அவ கைக்கு எட்டினா." கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். "அடி வாங்கிட்டு, அவ எங்க இடத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்துட்டுத்தான் ஊர விட்டுப் போனா. இன்னிக்கு நான் உக்காந்து விக்கிற இடம் அவ வாங்கிக் கொடுத்தது. இத நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. அவகிட்டயும் சொல்லல."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"போயிட்டா யாரு அள்றதுன்னு கேட்டீங்க. ரெண்டு வருஷம் ஆச்சு அவ போயி. நின்னுச்சா? இந்தக் கண்ணாடிப் பொண்ணு காலையில அஞ்சு மணிக்கு வந்து தொட்டி கிளறிட்டுத்தான் காலேஜுக்குப் போகுது. அந்த நெட்டை மீன் குடல் வாளியத் தலையில தூக்குறான், எந்தப் பொண்ணு அவனக் கட்டிக்கும்னு அவங்கம்மா பொலம்புறா. இவங்களும் ஒரு நாள் போவாங்க, இல்லேங்கல. போனா நான் அள்றேன். எனக்கு எங்க போறதுக்கும் எடம் இல்ல. சலிக்கத் தெரியும், கிளறத் தெரியும், எது வெந்துச்சு எது வேகலன்னு கை வச்சா தெரியும். எழுதிக்கங்க."

அவள் சொல்லி முடித்ததும் மீன் வரிசைப் பக்கமிருந்து மீன்காரம்மா எழுந்தாள். பெரிய உடம்பு, எழுந்தால் எல்லாருக்கும் தெரியும்.

"என் பேரையும் எழுதுங்க" என்றாள். "இவளும் நானும் ஒரு வருஷம் மூஞ்சி பாக்காம இருந்தவங்க. இவ தம்பி என் வீட்டுக்காரர் தோள ஒடச்சான், என் வீட்டுக்காரர் அவன் மூக்க ஒடச்சாரு. இப்ப அவங்க ரெண்டு பேரும் அந்தக் கொட்டகைக்குத் தகரம் மாத்துனாங்க, போன மாசம், ஏணியப் புடிச்சுக்கிட்டு. நீங்க அத எடுத்துட்டு வண்டி நிறுத்துனா, மறுபடியும் குப்பை நடுவுல வரும். குப்பை வந்தா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். போன தடவை அதுக்கு உங்க ஆபீஸ்தான் போலீசக் கூப்பிட்டுச்சு."

அதற்குப் பிறகு தக்காளிக்காரி எழுந்தாள். டீக்கடைக்காரர் எழுந்தார். யாரும் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. பெயரை எழுதச் சொன்னார்கள், அவ்வளவுதான். குமாஸ்தா இரண்டாவது பக்கத்துக்குப் போனார்.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஒன்றரை மணி நேரம் பேசி, நிலத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கொட்டகையும் செங்கல் தொட்டிகளும் உள்ள பின்பாதி மூன்று வருஷத்துக்கு உரக்கூடத்துக்கு என்று முதல்முறையாக எழுத்தில் கொடுத்தார்கள். ரோட்டை ஒட்டிய முன்பாதி வண்டிகளுக்கு. முன்பாதியில் அந்தப் பழைய மண்குழி இருந்தது.

மறுநாள் காலை மழை இல்லை. குழியை மூட ஆட்கள் வருவதற்குள் உள்ளே இருப்பதை அள்ளிவிட வேண்டும். நெட்டையும் சோடாபுட்டியும் மண்வெட்டியோடு வந்தபோது கீரைக்காரி ஏற்கெனவே குழிக்குள் முழங்கால் அளவு இறங்கியிருந்தாள். மேலே மீன்காரம்மா கூடை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இதெல்லாம் நாங்க பண்ண மாட்டோமா? முட்டி வலின்னு சொல்லுவீங்களே" என்றான் நெட்டை.

"யாருடா சொன்னது முட்டி வலின்னு? கூடையப் புடி."

அடியில் போகப் போக உரம் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசனையோடு வந்தது. எல்லாம் அள்ளியான பிறகு குழியின் பக்கச்சுவரில் மண்வெட்டி இறங்கிய தடம் தெரிந்தது. அகலமான தடம் நெட்டையுடையது. குறுகலாக, சாய்வாக, பழக்கமில்லாத கை வெட்டிய தடம் ஒன்று கிழக்குப் பக்கம் முழுக்க இருந்தது. கீரைக்காரி அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு மீன்காரம்மா கையை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். பதினொரு மணிக்கு லாரி வந்து செம்மண்ணைக் கொட்டியது.

அன்று சாயங்காலம் அவள் சீக்கிரமே கடையை ஏறக்கட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து, குளித்து, உலர்ந்த புடவை கட்டிக்கொண்டு, புருஷன் எடைமேடையிலிருந்து வரும்வரை வாசற்படியில் காத்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், "போன கொடுங்க" என்றாள்.

அவர் நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கடைக்குப் போகிற மாதிரி வெளியே இறங்கிவிட்டார்.

இரண்டு தடவை மணி அடித்தது. "சொல்லுங்கப்பா" என்றது குரல். செங்கல்லின் மேலிருந்து கேட்ட குரல்தான். காதுக்குள் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

"அப்பா இல்ல" என்றாள்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

"அம்மா."

"ம்."

"நேத்து நீ என்ன பேசினன்னு பசங்க சொன்னாங்க" என்றாள் மகள். "ரெண்டு பேரு தனித்தனியா போன் பண்ணி, ரெண்டு மாதிரி சொன்னாங்க. தலைவரையே நீ அடிச்சிட்டன்னு நெட்டை சொன்னான்."

"அவன் அளப்பான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"மொதக் குழி போயிடுச்சு" என்றாள் கீரைக்காரி. "உரத்த எல்லாம் எடுத்துட்டோம். ஒரு கைப்பிடி விடல."

"போகட்டும்மா. குழிதானே."

"குழிதான்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அன்னிக்கு நான் அடிச்சது..."

"விடும்மா."

"விட முடியல. அதான் சொல்றேன். நீ சனிக்கிழமை பேசும்போதெல்லாம் நான் அங்கதான் இருந்தேன். மூட்டைக்குப் பின்னால."

மறுபக்கம் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. "ஒரு நாள் யாரோ தும்முனாங்க" என்றாள் மகள் மெதுவாக. "அடுத்தடுத்து மூணு தடவை. நீயா இருக்குமோன்னு நெனச்சேன். கேக்க பயமா இருந்துச்சு. இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"தூசி" என்றாள் கீரைக்காரி. பிறகு, "எப்ப வர?" என்று கேட்டாள். இரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்த வார்த்தை அவ்வளவு சின்னதாக வந்தது.

"இப்ப முடியாதும்மா. புதன்கிழமைக்குக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். இப்ப ஒரு வேலை நடுவுல மாட்டிக்கிட்டேன். முடிய மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசம்."

"ரெண்டரை."

"சரி."

"நெசமா வருவேன்."

"வா. வரும்போது வா."

பேச்சு தீர்ந்துவிட்டது. ஆனால் இரண்டு பேரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரோ ஒரு பெண் யாரையோ கூப்பிட்டாள். மூன்றாவது மாடி என்று கேள்விப்பட்ட அந்த அறைக்குள் குழாயடியில் தண்ணீர் ஒரு வாளியில் விழுந்துகொண்டிருந்தது. மகள் குழாயைத் திறந்துவிட்டுத்தான் போனை எடுத்திருக்க வேண்டும். கீரைக்காரி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். முதலில் தகரத்தில் விழுவதுபோல் தடதடவென்று இருந்த சத்தம் வாளி நிறைய நிறையக் குறுகி, மேலே ஏறி வந்தது.

"தண்ணி ரொம்பப் போவுது பாரு" என்றாள். "குழாய மூடு."

மகள் எழுந்து போகிற சத்தம் கேட்டது. குழாய் நின்றது.